துளை போடாத தெர்மோஸ்டாட்

அத்தானின் காருக்கு வயது ஐம்பத்தெட்டு, அத்தானைவிட இரண்டு கூட. அது மக்கர் பண்ணினால் மட்டும் அவருக்கு என் ஒர்க்‌ஷாப் ஞாபகம் வரும்.

போன வாரம், கொதிக்கிறது என்று கொண்டுவந்தார். தெர்மோஸ்டாட் இறுகிப்போயிருந்தது. இஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து நின்று, சூடானதும் திறந்துவிடுகிற சின்ன வால்வு அது. கடையில் இரண்டு வகை இருந்தன. மலைப்பாதைக்குச் சீக்கிரம் திறப்பதே நல்லது என்று எழுபத்தாறு டிகிரியில் திறப்பதை வாங்கினேன். டீ போடும் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து அதில் போட்டுப் பார்த்தேன். கச்சிதமாகத் திறந்தது. அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்தது.

பழைய இஞ்சினுக்குள் சிக்கும் காற்று வெளியேற தெர்மோஸ்டாட்டின் தட்டில் ஒரு சின்ன ஓட்டை வேண்டும். இல்லாவிட்டால் நானே துளை போட்டுத்தான் பொருத்துவேன். அன்று அத்தான் தலைமேல் நின்றார்.

"இன்னும் எவ்வளவு நேரம் அதக் கொஞ்சிக்கிட்டிருப்ப மாப்ள? மாட்டி விடு."

மாட்டிவிட்டேன்.

இன்று காலை வேறொரு வண்டியின் தெர்மோஸ்டாட்டில் துளை போடும்போதுதான், அத்தான் வண்டிக்குப் போடாதது உறைத்தது. அக்காவும் அத்தானும் மலையேறிக்கொண்டிருந்தார்கள். போன் போட்டேன்.

"சூடு காட்டுற முள் எங்க நிக்குது அத்தான்?"

"அத ஏன் கேக்குற! சிவப்பு வரைக்கும் ஏறுச்சு. பயந்துட்டேன். அப்புறம் தானா மளமளன்னு இறங்கிடுச்சு. உன் கைராசி அப்படி!"

இஞ்சின் குளிர்ந்து முள் இறங்கவில்லை. சூட்டைக் காட்டும் இடத்தில் தண்ணீருக்குப் பதில் காற்று நின்றது. உள்ளே மிச்சத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"வண்டிய நிறுத்துங்க. ரேடியேட்டர் மூடிய யாரும் தொடாதீங்க."

"நிறுத்தியாச்சுப்பா. உங்கக்கா தண்ணி ஊத்தப் போயிருக்கா. முள் கீழ இருந்தா தாராளமாத் தொறக்கலாம்னு நீதான் சொல்லிக் குடுத்தியாமே?"

நான்தான் சொன்னேன். வண்டி விஷயத்தில் அவள் என் பேச்சைத் தவிர யார் பேச்சையும் கேட்க மாட்டாள்.

"அவளக் கூப்பிடுங்க அத்தான்! கத்துங்க!"

அவர் கத்தினார். "என்னவாம் அவனுக்கு?" என்று அக்கா சிரிப்பது எனக்குக் கேட்டது. அடுத்து, பெரிய சீறல். அத்தான் போனைப் போட்டுவிட்டு ஓடினார். அக்கா அலறிய அலறலில் என் பெயரும் இருந்தது.