மேகலா பாய்லரை நிறுத்திய நாள்

பாய்லரின் சேஃப்டி வால்வு நெம்புகோலை மேகலா இழுத்தாள். நீராவி சீறிக்கொண்டு பாய்ந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து மறுபடி இழுத்தாள். அசையவில்லை.

"அண்ணா, விறகு போடாதீங்க. நெருப்ப வெளிய இழுத்துடுங்க" என்றாள் விறகு தள்ளும் ஃபயர்மேனிடம்.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, பேரணாம்பட்டில் தோல் பதனிடும் இந்த டேனரிக்கு வந்தவள். பாய்லர் இன்ஜினியர் சான்றிதழ்ப் பரீட்சைக்கு முதல் தடவை போனபோது, "பழுதான பாய்லர முதலாளி ஓட்டச் சொன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்கள். "மேனேஜர்கிட்ட கேப்பேன்" என்றாள். ஃபெயில். கைக்குழந்தையைக் கணவன் இன்பராஜிடம் விட்டுவிட்டு மறுபடி படித்து, போன மாதம்தான் தேறினாள். பாய்லர் ரூம் சுவரில் இப்போது பொறுப்பாளர் என்று அவள் பெயர் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு முதுகு தானாக நிமிரும்.

புரொடக்‌ஷன் மேனேஜர் மூர்த்தி ஓடிவந்தார்.

"இன்னாம்மா பண்ற? டிரம்முல சாயம் ஓடுது. சுடுதண்ணி நின்னா தோலு திட்டு திட்டா ஆய்டும்."

"தெரியும் சார். வால்வு தூக்கல. பிரஷர் ஏறினா வெளிய போக வழியில்ல."

"நேத்து வரைக்கும் ஓடிச்சில்ல? சாயங்காலம் வரைக்கும் ஓட்டு, பாத்துக்கலாம்."

"ஓட்ட மாட்டேன் சார்."

மூர்த்தி போனை அவளிடம் நீட்டினார். மறுமுனையில் முதலாளி ஷபீ அஹமது.

"அந்தப் பரீட்சைக்கு நான்தானேம்மா லீவு குடுத்தேன்?"

மேகலா சுவரில் இருந்த தன் பெயரைப் பார்த்தாள்.

"ஆமா சார். இதுக்குத்தான் குடுத்தீங்க."

"ராணிப்பேட்டைலேர்ந்து ஆள் அனுப்புறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பாய்லர் ஆறியதும் வந்தவர்கள் வால்வைக் கழற்றினார்கள். உள்ளே துருவும் உப்பும் இறுகி, ஒரே கட்டியாகப் பிடித்திருந்தது. மூர்த்தி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே வைத்தார்.

சாயங்காலம் டிரம்மிலிருந்து எடுத்த தோல்களை முற்றத்தில் தொங்கவிட்டார்கள். கரும்பழுப்பாக வர வேண்டியவை எல்லாம் தேமல் விழுந்ததுபோல் வெளுத்திருந்தன. தோலை விரித்துக்கொண்டிருந்த முத்துமாரி கேட்டாள்:

"இத்தனையும் பாழு. யாராம் நிறுத்தனது?"

"நான்தான்க்கா."

முத்துமாரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வழியை மறைத்திருந்த ஈரத்தோலை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள். மேகலா தலை குனியாமல் அதன் கீழே நடந்து போனாள்.