சட்டைப்பையில் நாலு நூல்

டாக்டர் வருவதற்குள் அந்த நூலை எடுத்துவிட வேண்டும். ஒப்துலியா, கட்டிலில் கிடந்த கணவரின் சட்டைப்பைக்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவினாள். விடிந்ததும் காபியோடு எழுப்பப் போனவளுக்கு எவேலியோ பதில் சொல்லவில்லை. எண்பத்தோரு வயதில், கிறிஸ்துமஸ் காலையில், கல்யாண விருந்தை முடித்துக்கொண்டு சாய்ந்தவர் மாதிரி செத்துக் கிடந்தார்.

பாவி நான்தான் கொன்றேன் என்பதில் ஒப்துலியாவுக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்தால் எந்த முகத்தோடு அவர்கள் முன்னால் நிற்பது?

உப்பு கூடாதென்று டாக்டர் உத்தரவு போட்டு மூன்று வருடம். இந்த டிசம்பரிலோ ஏழு வருடத்துக்குப் பிறகு மூன்று பிள்ளைகளும் ஒன்றாக வீடு வந்திருந்தார்கள். மூத்த மகள் யுலேய்மா சிலியிலிருந்து, அடுத்தவன் வில்மெர் பொகோட்டாவிலிருந்து. கடைசி மகன் நெஸ்தோர் லீமாவிலிருந்து ஆறு நாள் பஸ் மாறிமாறி. வந்திறங்கியபோது அவன் பஸ்ஸைவிட மோசமாக இருந்தான். வந்த மறுநாளே எல்லோரும் அடுப்படியில் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் பலகாரமான அயாக்கா செய்ய ஆரம்பித்தார்கள். யுலேய்மா வாழையிலையில் சோளமாவைத் தட்ட, ஒப்துலியா இறைச்சிக் குழம்பை வைக்க, வில்மெர் ஆலிவும் திராட்சையும் பதிக்க, நெஸ்தோர் மடிக்க, எவேலியோ நூலால் கட்டினார். நூற்றிருபது உருப்படி. அவர்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழி இரண்டு நாள் முட்டையிடவில்லை.

எவேலியோவுக்கென்று உப்பில்லாமல் பன்னிரண்டு. அவற்றுக்கு நீல நூல், மற்றதற்கெல்லாம் வெள்ளை. நீல நூலைக் கட்டும்போது மட்டும் அவர் முகம் தன் சவப்பெட்டிக்கே ஆணி அடிப்பதுபோல் இருந்தது.

"இதத் திங்கிறதுக்குச் சுவத்த நக்கலாம். சுவத்துல சுண்ணாம்பாவது இருக்கு."

நேற்று சாயங்காலம் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போயிருந்த நேரம், அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "ஏ கிழவி, ஒண்ணே ஒண்ணு. வெள்ள நூல். புள்ளைங்ககிட்ட மூச்சு விடாத, உன்னைய உரிச்சுத் தொங்கவிட்டுருவாங்க."

கொடுத்துவிட்டாள். அவர் இலையை நக்கிய நக்கலில் இலையின் நரம்பு தனியே வந்துவிட்டது. பிறகு வழக்கம்போல நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். நூலை எறிகிற வழக்கம் அந்த மனுஷனுக்குக் கிடையாது. அலமாரியில் அவர் சேர்த்த நூலுருண்டை பூசணிக்காய் அளவு.

விரலில் நூல் தட்டுப்பட்டது. இழுத்தாள். வெள்ளை. கூடவே இன்னொன்று வந்தது. அதுவும் வெள்ளை. பிறகு மூன்றாவது, நான்காவது. ஒப்துலியா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"ஆசீர்வாதம், அம்மா," என்று தினமும் காலையில் கேட்பதுபோலவே கேட்டுக்கொண்டு, அப்பாவுக்கு உடுத்த இஸ்திரி போட்ட சட்டையோடு யுலேய்மா உள்ளே வந்தாள். தாயின் கையைப் பார்த்ததும் சட்டை நழுவி விழுந்தது. "அம்மா... உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு... நேத்து மத்தியானம் கெஞ்சுனாரு. அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவான்னாரு. நான்தாம்மா கொன்னுட்டேன்!"

"நீயா?"

பின்னால் வந்த வில்மெர் வாசற்காலைப் பிடித்துக்கொண்டான். "உனக்கும் அதேதானா, அக்கா? என்கிட்ட, 'உங்க அக்காவுக்குத் தெரிய வேணாம், அவ ராணுவம்'னாரு."

"ராணுவமா? நானா?"

"டேய் நெஸ்தோர்!" என்று ஒப்துலியா குரல் கொடுத்தாள். ஐந்தடி பதினோரு அங்குல நெஸ்தோர் அழுத மூக்கோடு வந்து நூல்களைப் பார்த்தான், அவர்களைப் பார்த்தான். "நான் ஒண்ணுதாம்மா குடுத்தேன். சத்தியமா, சின்னதாப் பாத்து."

"அப்ப மூணு. நாலாவது யாரு?" என்றாள் யுலேய்மா.

ஒப்துலியா ஜன்னலைப் பார்த்தாள். "குடுத்தேன். என்ன இப்ப?"

அந்த நேரம்தான் டாக்டர் லிஸ்பெத் வந்தாள், தெருமுனைக்காரி. வந்து நாடி பார்த்து, இமையை விரித்துப் பார்த்து, கடைசியில் இந்த நாலு பேர் முகத்தையும் பார்த்தாள். ஒப்துலியா நாலு நூலையும் நீட்டினாள், போலீஸிடம் கத்தியை ஒப்படைப்பதுபோல.

"உப்பு, டாக்டரம்மா. ஒரே நாள்ல நாலு. நாங்கதான் குடுத்தோம்."

லிஸ்பெத்துக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. "அதனால என்ன ஒப்துலியா? அக்டோபர்லயே அவருகிட்டச் சொல்லிட்டேனே. இதயம் முடிஞ்சுபோச்சு, இனிமே மருந்தும் பத்தியமும் ஒண்ணும் பண்ணாது, மனசுக்குப் பிடிச்சத உப்புப் போட்டே சாப்பிடுங்கன்னு. நவம்பரையே தாண்ட மாட்டாருன்னு நெனச்சேன். தூக்கத்துல போயிருக்காரு, வலியே இல்ல. ஏன், வீட்ல சொல்றேன்னாரே? சொல்லலையா?"

நாலு பேரும் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்டோபர்லதான் எனக்குப் போன் போட்டாரு," என்றான் வில்மெர் மெதுவாக. "இந்த வருஷம் எல்லாரும் கண்டிப்பா வரணும், அம்மா உங்களப் பாக்கணும்னு ஏங்கிப்போயி அழறான்னாரு."

"நான் எப்படா அழுதேன்?"

"எனக்கும் அதான் சொன்னாரு," என்றாள் யுலேய்மா.

ஒப்துலியா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு மாதமாக அந்த மனுஷன் உப்பில்லாத சூப்பைத் திட்டித் திட்டிக் குடித்திருக்கிறார். சொல்லியிருந்தால் வீடே ஆஸ்பத்திரி வாடை அடித்திருக்கும். அடுப்படியில் யார் சிரித்திருப்பார்கள்?

"திருட்டுக் கிழவா," என்றாள் அவர் காலைத் தட்டி.

முதலில் சிரித்தது நெஸ்தோர்தான். பிறகு அக்காவுக்குத் தொற்றியது. ஒப்துலியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் டாக்டர் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதைக் குடித்தபோதுதான் காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இல்லை என்று தெரிந்தது. நல்ல பசியும் தெரிந்தது.

பதினொரு மணிக்குக் கூடத்தில் பெட்டியை வைத்தார்கள். ஒப்துலியா பக்கத்து சோபாவில் உட்கார, நெஸ்தோர் கூட உட்கார்ந்தான். ஆறு நாள் பஸ்ஸும், அழுகையும், சிரிப்பும் சேர்ந்து அவன் தலையை அவள் தோளில் சாய்த்துவிட்டன. முப்பத்தெட்டு வயது மகன் வாயைத் திறந்து தூங்கினான். அவள் கை மரத்துப்போனது, அசைக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலில் ஒப்பாரிக்கு மூச்சிழுத்தபோது அவள் உதட்டில் ஒரு விரலை வைத்தாள். செத்தவருக்குத்தான் இந்த மரியாதை போலிருக்கிறது என்று எண்ணி, வந்தவர்கள் எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்தார்கள்.