அப்பா தோளில் இருந்த குண்டு

ரபாயேலின் இடது தோளில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. பல வருஷமாக இருக்கிறது, வலியில்லை. ஐந்து வயது மகள் கொறற்றிக்கு அதை அமுக்கி உருட்டுவதே விளையாட்டு. "இது என்னாப்பா?" என்று அவள் நச்சரித்த ஒருநாள், "துவக்குக் குண்டும்மா. அப்பா அதையே தாங்கிட்டேன்ல!" என்று அளந்துவிட்டான். போர் உச்சத்திலிருந்த 2008இல் விடுகிற கதையா அது? பிள்ளை சிரித்தது, அவனுக்கு அது போதுமாயிருந்தது.

நாவுலையிலிருந்து மாத்தளைக் கோயில் திருநாளுக்கு மனைவி டொறீனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகும்போது, வழியில் செக்பொயின்ட்டில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். புதுச் சட்டையில் நின்ற கொறற்றியின் கன்னத்தைத் தட்டி ஓர் ஆமிக்காரன் பெயர் கேட்டான். சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள், கடகடவென்று சிங்களத்தில் சொன்னாள். அதோடு நின்றிருக்கலாம். "எங்கப்பா தோள்ல குண்டு இருக்கு" என்றாள் பெருமையாக.

அவன் முகம் மாறியது. ரபாயேலைச் சட்டையைக் கழற்றச் சொல்லித் தோளைத் தடவினான். கட்டி கையில் தட்டுப்பட்டது. டொறீன் அழுதாள், கும்பிட்டாள். ஒன்றும் எடுபடவில்லை; புலியென்ற சந்தேகத்தில் ரபாயேலைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பொலிஸில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: எங்கே பட்ட துவக்குச் சூடு? பிள்ளையைச் சிரிக்க வைக்கச் சொன்ன பொய் என்றால் யார் நம்புவார்கள்? கடைசியில் விலங்கோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் அறையில் படுக்க வைத்தார்கள்.

டாக்டர் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியைத் தோளில் வைத்து அழுத்தினார். குண்டில்லை என்று ரபாயேலுக்கே தெரியும். ஆனாலும் அந்த மெஷினும் பிள்ளை சொன்னதையே சொல்லிவிடுமோ என்று பயந்தான்.

"இங்க பாருங்க," என்று டாக்டர் சிங்களத்தில் பொலிஸ்காரரிடம் திரையைக் காட்டினார். "இரும்புன்னா பளிச்சுனு தெரியும், பின்னால நிழல் விழும். இது தோலுக்கும் தசைக்கும் நடுவுல கிடக்கு, அமுக்கினா நசுங்குது. வெறும் கொழுப்புக்கட்டி."

விலங்கைக் கழற்றினார்கள். ரபாயேல் படுத்தபடியே அழுதான்.

வீடு திரும்புகையில் அதே செக்பொயின்ட், அதே ஆமிக்காரன். டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டுக் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பாவம், அவனுக்கும் மனசு கேட்கவில்லை போலும். ரபாயேலின் இடுப்பிலிருந்த பிள்ளையிடம், "பாப்பா, உங்க பேரு என்ன, மறந்துட்டேன்?" என்று மெல்லக் கேட்டான்.

கொறற்றி வாயை இறுக்கிக்கொண்டாள். அப்பாவின் தோளைத் தொடாமல், சட்டைக் கொலரைப் பிடித்து அவன் காதைத் தன் பக்கம் இழுத்தாள்.

"சொல்லலாமாப்பா?"