இரண்டாம் தடவை பார்க்க வந்தவர்கள்

மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்தே மொட்டைமாடியார் குட்டி போட்ட பூனை மாதிரி ஸ்டுடியோவுக்குள் சுற்றிக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்த ஒருவரிடம் "முகத்தைக் கொஞ்சம் மேற்கே திருப்புங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மனசு மேற்கில் இருந்தால் வாயும் அங்கேதானே போகும்! மாலை ஐந்து ஐம்பதுக்கு அந்தப் பக்கம் ஒரு காரியம் நடக்கவிருந்தது.

இருபத்திரண்டு வருடமாக ஊரார் முகங்களை வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துப் பிழைக்கிற மனிதர். ஆசை வைத்ததோ நகரத்தின் மேல், அதுவும் உயரத்திலிருந்து பார்க்கிற நகரத்தின் மேல். தண்ணீர்த் தொட்டி, கார் நிறுத்தும் கட்டிடத்தின் உச்சி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஆஸ்பத்திரியின் அவசரப் படிக்கட்டில் ஏறியபோது காவலாளி "எந்த பேஷண்டைப் பாக்க வந்தீங்க?" என்று மடக்க, "நான்தாங்க பேஷண்ட்" என்று உளறி, வாங்க வேண்டாத ஊசி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு ஸ்டுடியோவில் வைத்த பெயர்தான் மொட்டைமாடியார். தலையில் முடி இல்லாதது பெயருக்கு இன்னும் தோதாகப் போயிற்று.

ஊரில் உள்ள மொட்டைமாடிகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்த பிறகுதான் அவருக்கு அந்தக் குறுக்குப் புத்தி வந்தது. விலைக்கு வந்திருக்கும் வீட்டைப் பார்க்கப் போனால் கதவைத் திறந்துவிடுகிறார்கள், பால்கனியையும் அவர்களே காட்டுகிறார்கள். மனைவியோடு போனால் யாருக்கும் சந்தேகம் வராது.

மனைவி, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டுகிறவள். "எனக்குப் பொய் சொல்ல வராதுங்க" என்றாள். ஆனால் என்னமாய் வந்தது! தரகரைச் சமையலறையிலேயே பிடித்து வைத்துக்கொள்வாள். குழாயைத் திறந்து பார்ப்பாள், அலமாரிக் கதவை ஆட்டிப் பார்ப்பாள், "இந்தச் சன்னல்ல வெயில் எத்தனை மணி வரைக்கும் வரும்?" என்று குடைந்தெடுப்பாள். அவர்கள் குடியிருப்பது ஸ்டுடியோவுக்குப் பின்னால் ஒற்றை அறை. அங்கே சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவரில் கை இடிக்கும். இவள் இப்படி வெயிலைப் பற்றி விசாரிக்க எங்கே கற்றுக்கொண்டாள் என்று மொட்டைமாடியார் ஒருநாளும் யோசிக்கவில்லை. பால்கனியில் நாலு படம் எடுத்துக்கொண்டு வந்ததும், கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டே, "வீட்ல கலந்துக்கிட்டு சொல்றோம்" என்பார்கள். வேண்டாம் என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது என்பது எல்லாத் தரகருக்கும் தெரியும்.

ஆறு வீடுகள் அப்படிப் போயின. ஏழாவது, நேற்றுப் பார்த்த ஒன்பதாம் மாடி. பால்கனியில் கால் வைத்ததும் மொட்டைமாடியாருக்கு மூச்சே நின்றுவிட்டது. ஊரின் இரண்டு பெரிய கோபுரக் கட்டிடங்களுக்கு நடுவில் ஒல்லியாக ஓர் இடைவெளி, சூரியன் சரியாக அதற்குள் இறங்குகிற கோணம். ஆனால் நேற்று மேகம் மூடிக் கெடுத்துவிட்டது. நாளைக்குச் சூரியன் நகர்ந்து கட்டிடத்துக்குப் பின்னால் போய்விடும். சூரியன் மறுபடி இந்தக் கோணத்துக்கு வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கவும் வழியில்லை. அந்த இடைவெளிக்குள்ளேயே மூன்றாவதாக ஒரு கட்டிடம் வளர்ந்துகொண்டிருக்கிறது, கிரேன் தலையாட்டிக்கொண்டு நிற்கிறது. இன்றைக்கு விட்டால் அந்தப் படம் இந்த ஜென்மத்துக்குக் கிடையாது.

அதனால்தான் தரகருக்குப் போன் போட்டு, இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்றார். ஒரு வீட்டை இரண்டாம் தடவை பார்க்க வருவதென்றால் என்ன அர்த்தம் என்பது வீடு விற்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். படம் எடுக்கிறவருக்குத்தான் தெரியாமல் போயிற்று.

ஐந்தரைக்கு அவர்கள் போனபோது தரகர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். வீட்டுக்குச் சொந்தக்காரி ஒரு கணக்கு டீச்சர். புருஷனுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது, பிள்ளைகளோடு இந்த மாதத்துக்குள் அவளும் கிளம்பவேண்டும். நேற்று வாசலோடு நின்றவள் இன்று உள்ளே அழைத்து உட்காரச் சொன்னாள்.

மொட்டைமாடியார் உட்கார்ந்தால்தானே? "காத்து எப்படி வருதுன்னு பாக்கறேன்" என்று முனகிக்கொண்டே பால்கனிக்கு நழுவிவிட்டார். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. சூரியன் இடது கட்டிடத்தின் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றது. இன்னும் ஆறு நிமிடம். காமிராவைக் கம்பியில் அழுத்திப் பிடித்தார். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தார்.

உள்ளே டீச்சரின் குரல் கேட்டது.

"காலைல ஒருத்தர் வந்தாரு. ஆபீஸ் வைக்கக் கேட்டாரு. முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?" மனைவியின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"நேத்து நீங்க கேட்டீங்களே, துணி காயப்போட இடம், சன்னல் பக்கத்துல கட்டில் போட்டா வெயில் எங்க விழும்னு. இவங்கதான் இங்க வாழ வர்றவங்கன்னு தோணுச்சு. அவரு ஆறு மணிக்கு வேற இடம் பாத்து முடிக்கப் போறாராம். போகட்டும்."

மொட்டைமாடியாரின் காதில் எல்லாம் விழுந்தது. இப்போதே உள்ளே போய் உண்மையைச் சொன்னால் அந்த மனிதரைத் திரும்பக் கூப்பிட நேரம் இருக்கிறது. இரண்டு எட்டு வைத்தால் போதும், கதவு. சூரியனின் விளிம்பு இடைவெளிக்குள் எட்டிப் பார்த்தது.

"என்னங்க, கொஞ்சம் உள்ள வாங்களேன்."

"ரெண்டே நிமிஷம்மா."

"என்னங்க!"

அவர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம், ஆனால் உண்மை அதுவல்ல, அவருக்கு அந்தப் படம் வேண்டியிருந்தது. விரல் அழுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கிளிக் சத்தத்துக்கு நடுவில் மனைவி சொல்வதைக் கேட்டார்.

"அக்கா, மன்னிச்சுக்குங்க. நாங்க வாங்க வரல. அவருக்கு இங்கேர்ந்து ஒரு படம் எடுக்கணும். அதுக்குத்தான் வந்தோம். காலைல வந்தவரை உடனே கூப்பிட்டுப் பேசுங்க."

நாற்காலி இழுபடும் சத்தம். தரகர் ஏதோ கத்தினார். சூரியன் முழுசாக இடைவெளிக்குள் வந்து, செக்கச்செவேலென்று, இரண்டு கட்டிடங்களின் கண்ணாடியையும் கொளுத்திவிட்டு இறங்கியது. நாற்பது படங்கள். முதல் படத்திலேயே தெரிந்துவிட்டது, இதுதான் என்று. அப்படியும் அவர் கடைசிவரை நிறுத்தவில்லை.

உள்ளே வந்தபோது டீச்சர் போனில் இருந்தாள். "சரிங்க... சரிங்க, பரவால்ல" என்று சொல்லி வைத்தாள். அந்த மனிதருக்கு ஆறு மணிக்கு முன்னாலேயே பேச்சு முடிந்துவிட்டதாம், வேறு இடத்தைப் பிடித்துக்கொண்டாராம். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் மொட்டைமாடியாருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அவர் மன்னிப்புக்கூடக் கேட்காமல் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். வெட்கத்தில் காதெல்லாம் எரிந்தது.

லிஃப்டில் இருவர் மட்டும். ஆறாம் மாடியைத் தாண்டும்போது அவள் கேட்டாள்.

"படம் விழுந்துச்சா?"

"ம். விழுந்துடுச்சு." காமிராவை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"உன்னை ரொம்ப சங்கடத்துல விட்டுட்டேன்" என்றார். "அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டியே, அதுவே பெரிசு."

"உண்மை இல்லீங்க." அவள் எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாங்க வரலன்னு சொன்னேன்ல? வாங்க வராதது நீங்கதான். நான் நேத்து ராத்திரி பூரா மனசுக்குள்ள அந்தச் சன்னல் பக்கத்துல கட்டிலைப் போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

தரைத்தளம் வந்து கதவு திறந்தது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அவள் முன்னால் நடந்தாள். மொட்டைமாடியார் காமிராவைப் பைக்குள் வைக்கக்கூடத் தோன்றாமல் பின்னால் போனார்.