ஆளில்லாத அறை

அணைக்காமல் விட்ட விளக்கைக் கண்டால் மருமகளுக்கு உயிரே போய்விடும். கட்டிய கணவனோ, ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போனால் வழியெல்லாம் எரியவிட்டுப் போகிற பிறவி. "ஆளில்லாத ரூமுக்கு எதுக்கு வெளிச்சம்? சுவருக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

கடைசியில் அவளே கடைக்குப் போனாள். விற்பனையாளர் சலித்துக்கொள்ளும் வரை கேள்வி கேட்டு, வீடு முழுவதற்கும் புது எல்இடி விளக்குகள் வாங்கி வந்தாள். கூடத்துக்கு மட்டும் சென்சார் வைத்தது. ஆள் அசைந்தால் தானாக எரியும், அசைவில்லை என்றால் சற்று நேரத்தில் தானாக அணையும். கணவன் கை வைத்துவிடக் கூடாது என்று சுவிட்சின் மேல் டேப்பும் ஒட்டினாள். மாமனாரின் நாற்காலி அருகே இருந்த குண்டு பல்பு மேசை விளக்கை, "இது கரண்டைக் குடிக்குது மாமா" என்று சொல்லிப் பழைய சாமான் கடையில் போட்டாள்.

"நல்லதும்மா" என்றார் அவர்.

மாமனார் அச்சகத்தில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் பேச்சு குறைந்துவிட்டது. மாலையானால் கூடத்து மூலையில் புத்தகத்தோடு உட்காருவார். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பிழை தேடிப் பழகிய கண் மட்டும் எழுத்தெழுத்தாக நகரும். ஒரு பக்கம் திருப்புவதற்குள் அடுப்பில் குழம்பே கொதித்துவிடும்.

எதிர் வீட்டுக்காரிதான் முதலில் சொன்னாள். ஊர் வம்புக்கு அலைகிறவள். ஜன்னல் வழியே இந்தக் கூடம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க மாமனார் தனியா உக்காந்து மேல கையாட்டிக்கிட்டே இருக்காரே, யாருக்கு?"

மருமகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்று மாலை சமையலறை வாசலில் மறைந்து நின்று பார்த்தாள். படித்துக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று வலக்கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, இப்படியும் அப்படியும் ஆட்டினார். இறக்கினார். படித்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே கையாட்டல். கூடத்தில் வேறு யாருமில்லை. விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றான் கணவன், குரலைத் தாழ்த்தி. "அம்மா தெரியறாங்களோ என்னவோ."

டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். காத்திருக்கும் இடத்தில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. டாக்டர் கேட்ட நாள், கிழமை, கூட்டல், கழித்தல் எல்லாவற்றுக்கும் மாமனார் சரியாகவே பதில் சொன்னார். போதாததற்குச் சுவரிலிருந்த அறிவிப்பில் ஒரு பிழையையும் காட்டினார்.

"யாருக்குங்க ஐயா கையாட்டுறீங்க?"

அவர் மருமகளை ஒரு முறை பார்த்தார். "பழக்கமாயிடுச்சுங்க" என்றார்.

வலி மருந்து மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார், தோளுக்கு. "சும்மா உக்காந்திருக்கற ஆளுக்கு எங்கேர்ந்து தோள் வலி வரும்?" என்று வரும் வழியில் அவள் முணுமுணுத்தாள். அவர் காதில் விழுந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் தன் அறைக்குள் போய்ப் படுத்தார். கணவன் படுக்கையறையில் தன் அக்காவோடு போனில் பேச ஆரம்பித்தான்.

"இல்லக்கா, நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். முதியோர் இல்லத்துல இந்த மாதிரி ஆளுங்களுக்குன்னே தனி இடம் இருக்காம். நாளைக்கே பேசிடறேன்."

மருமகள் மாமனாரின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அனுப்பத்தான் வேண்டுமா? எதிர் வீட்டுக்காரிக்கு என்ன பதில் சொல்வது? வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த கதையாகிவிடுமே. கையைக் கன்னத்தில் வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

விளக்கு அணைந்தது.

ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு அவள் கை தானாக மேலே போனது. ஆட்டினாள். வெளிச்சம் வந்தது. உயர்த்திய கையைத் தானே அண்ணாந்து பார்த்தாள்.

அறை வாசலில் மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

"அணையறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஆட்டிடணும்மா. இல்லேன்னா வரி விட்டுப் போயிடும்."

"ஏன் மாமா சொல்லல?"

"நீ ஆசையாப் பாத்துப் பாத்து வாங்கினது."

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த மனிதர் உட்கார்ந்திருந்த கூடத்தைத்தான் ஆளில்லாத அறை என்று அவள் வாங்கி மாட்டிய விளக்கு தினமும் சொல்லியிருக்கிறது. அவளும் அதையேதான் சொல்லக் கிளம்பியிருக்கிறாள். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் படுக்கையறைக்குள் போய்க் கணவன் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"அண்ணி, மாமா நல்லாத்தான் இருக்கார். எங்கயும் போக மாட்டார். எனக்குத்தான் கண்ணு தெரியல."

கணவன் ஒன்றும் புரியாமல் விழித்தான். அவள் திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட வரியைத் தேடிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில், இடக்கையால் தோளைப் பிடித்துக்கொண்டு, வலக்கையைத் தூக்கினார்.