கழுத்துக்குக் கீழே

“தலை இருக்கிற படமா ஒண்ணாவது காட்டு, தம்பி,” என்றாள் கிரேஸ்.

நடராஜ் மவுஸை உருட்டிக்கொண்டே இருந்தான். சமாதானபுரத்தில் அச்சுக்கடை வைத்திருப்பவன், கிரேஸின் கணவன் எபியின் கூட்டாளி. கம்ப்யூட்டர் எபியுடையது. எபி கீழே ஹாலில், ஐஸ் பெட்டிக்குள் இருந்தான். நேற்று மத்தியானம் இதே நாற்காலியில் ஏதோ ஒரு சினிமா போஸ்டரில் கதாநாயகனின் மீசைக்குக் கறுப்பு ஏற்றிக்கொண்டிருந்தவன், அப்படியே சரிந்துவிட்டான். சாயங்காலம் அடக்கம். அதற்குள் அஞ்சலி போஸ்டர் ஒட்டியாக வேண்டும். ஊருக்கெல்லாம் போஸ்டர் செய்தவனுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

திரையில் எபி விதவிதமாக நின்றான். மடித்துக் கட்டிய வேட்டி, கையில் அட்டை அரிவாள். எதிலும் தலை இல்லை. சின்னப் படங்களின் கதாநாயகர்களுக்குப் போஸ்டருக்கென்று வந்து நிற்க நேரம் ஏது? சென்னையிலிருந்து முகம் மட்டும் வரும். உடம்பு எபி கொடுப்பான். மொட்டை மாடியில் அவன் நிற்க, கிரேஸ் செல்போனில் எடுப்பாள்.

“கழுத்துக்குக் கீழ எடு, போதும். மூஞ்சி பேரைத்தான் சொல்லும். பஸ்ஸுல போறவனைத் திரும்ப வைக்கது நிக்கிற நிப்புதான்,” என்பான்.

அவளும் சொன்ன பேச்சுத் தட்டாமல் எடுத்தாள். பாவி, ஒரு தடவை கை தவறி முகம் விழுந்திருக்கக் கூடாதா? கல்யாண ஆல்பம் ஆற்று வெள்ளத்தில் கூழாகிவிட்டது. செல்ஃபி என்றால் ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

“மைனி, ஆதார் கார்டு படந்தான் இருக்கு.”

“அது அவுக மூஞ்சியா? களவாண்டு மாட்டினவன் மாதிரில்லா இருக்கு.”

“அண்ணன் உடம்புலயே ஒட்டிப் பாக்கட்டா?”

அரிவாளை அழித்துவிட்டு ஒட்டினான். வெளிச்சம் கூட்டினான், குறைத்தான். யார் யார் தலையையோ சுமந்த உடம்பு, சொந்தத் தலையோடு மட்டும் சேர மாட்டேன் என்றது.

“வேண்டாம். ஆதாரே இருக்கட்டும்,” என்று எழுந்துவிட்டாள்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில், மார்க்கெட் முக்கில் வேன் நெரிசலில் நின்றது. சுவரில் எபியின் அஞ்சலி போஸ்டர், பசை ஈரம் காயாமல். ஒருவரும் பார்க்கவில்லை. பக்கத்தில் புதுப்படப் போஸ்டர்: சிவப்பு வானம், புழுதி, அரிவாளோடு கதாநாயகன். காய்கறிப் பையோடு போன இருவர் நின்று அதைப் பார்த்தார்கள். ஒருவன் போனில் படம் பிடித்தான்.

அரிவாள் பிடித்த கையில் சுண்டுவிரல் கோணியிருந்தது. சின்ன வயதில் எபி சைக்கிள் செயினில் கொடுத்த விரல்.

கிரேஸ் ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை ஜன்னலுக்கு நேரே தூக்கி, கதாநாயகனின் தலையை மறைத்தாள்.

“என்னம்மா செய்யுத?” என்றாள் மகள் கிறிஸ்டி.

வேன் நகர்ந்தது. விரலை அவள் இறக்கவில்லை. அதற்குப் பின்னால் ஒரு பாத்திரக்கடை வந்தது, அப்புறம் ஒரு மருந்துக்கடை.