ஜாவா டேங்க்

என் ஜாவா வண்டியின் பெட்ரோல் டேங்க் துருவேறி அடியில் ஓட்டையாகிவிட்டது. அந்த மாடல் டேங்க்குக்காகக் கடலூர், புதுச்சேரி என்று பழைய சாமான் கடை ஒன்று விடாமல் அலைந்தேன். எனக்குத் தெரிந்து நல்ல டேங்க் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மந்தாரக்குப்பத்தில், சுரங்கத்தில் என்னோடு இருபது வருஷம் ஒரே ஷிப்டில் இருந்த ஆரோக்கியதாஸ் வீட்டில்.

அவனிடமிருந்த பழைய ஜாவாவில் இன்ஜினே கிடையாது. வெறும் டேங்க்கை வைத்துக்கொண்டு என்ன கிழிக்கப்போகிறான்? கேட்டேன். "தர மாட்டேன், போய்யா" என்றான். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். அவன் படுத்த படுக்கையானது காதில் விழுந்தும் போகவில்லை. அவனே கூப்பிடட்டும் என்று இருந்தேன்.

நேற்று அவனை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். நான் கிளம்பும்போது அவன் மனைவி ஸ்டெல்லா அந்த டேங்க்கைக் கோணியில் சுற்றி எடுத்துவந்து நீட்டினாள். வாங்கியதும் உள்ளே ஏதோ தளும்பியது.

"எண்ணெய்ண்ணே. உள்ள துரு புடிக்கக் கூடாதுன்னு ஊத்தி வெச்சாரு. படுத்துக்கினு இருந்த மூணு மாசமும், எண்ணெய் எல்லாப் பக்கமும் படணும்னு தெனம் டேங்க்க ஆட்டி வெக்கச் சொல்லுவாரு. நீங்க வந்தா குடுத்துடணும்னு சொல்லிக்கினே இருந்தாரு. வாசல்ல யாரு வந்தாலும் நீங்களான்னு கேப்பாரு. ஏண்ணே வரவே இல்ல?"